கெரான்

தாளுக்கு இருபது காசு.
பாரம் நிரப்பித் தருவதற்குக் காசில்லை,
கடை முன்னால் வண்டியை மட்டும் நிறுத்தக் கூடாது.

அன்றைக்குப் பீடோரில் மழை.
செம்பனை ஏற்றிய லோரிகள்
சாலை முழுக்கச் சிவப்புச் சேற்றை இறைத்துப் போயின.
மூன்றாம் லயத்து நளாயினி வந்தாள்,
பின்னால் நான்கு பேர், ஒரே குடை.
மிளகாய் அரைக்கும் மெஷின் வாங்க வேண்டுமாம்.
அவர்கள் உட்காருமுன் ஜூனி வந்துவிட்டாள்,
மலையடி செமாய் கம்போங்கிலிருந்து,
இஞ்சி உலர்த்தும் பெட்டி கேட்டு.
இரண்டு பேர் கையிலும் ஒரே பாரம்.
ஒரே அறவாரியம், ஒரே கடைசித் தேதி.
மாவட்டத்துக்கு ஒன்றுதான் என்று
அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.
வாசித்துச் சொன்னேன்.
யாரும் எழுந்து போகவில்லை.
மழை விட்டிருந்தால் போயிருப்பார்களோ என்னவோ.

கொடுக்கிற பணத்துக்கு மலாயில் கெரான் என்று பேர்.
நிலப் பத்திரத்துக்கும் கெரான்தான்.
கெரான் வாங்குவதற்கு
மூன்றாம் பத்தி கெரான் எண் கேட்டது.
"வீடு கம்பெனியோடது" என்றாள் நளாயினி.
"காடு எங்களோடது,
தாள்தான் வேற யார்கிட்டயோ இருக்கு" என்றாள் ஜூனி.
இரண்டு பாரத்திலும்
ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தேன்.

பயனாளிகள் எத்தனை பேர்?
நளாயினி ஏழு என்றாள், பிறகு எட்டு,
கடைசி மகளும் பொட்டலம் ஒட்டுகிறாளே.
ஜூனி திருப்பிக் கேட்டாள்:
"இஞ்சி வாங்க வர்ற தரகனையும் சேர்க்கணுமா?
இதுவரைக்கும் பயனடைஞ்சவன் அவன்தான்."

ஏழாம் பத்தி: சொந்தப் பங்களிப்பு, ஐந்தில் ஒரு பங்கு.
முப்பதாயிரத்துக்கு ஆறாயிரம்.
மைலோ டின்னில் நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி
இருப்பதாகச் சொன்னாள் நளாயினி.
உழைப்பையும் பணமாகக் காட்டலாம் என்று சலுகை.
சரி, காட்டுவோம்.
ஜூனி கூடை சுமந்து இறங்கும் ஒன்பது கிலோமீட்டர்,
வாரத்துக்கு நான்கு நடை.
கழுவுவது, சீவுவது, பரப்புவது,
மழை தூறினால் ஓடிப்போய் அள்ளுவது.
ஆறு பெண்கள், பன்னிரண்டு மாதம்.
நளாயினி விடியுமுன் நாலு மணிக்கு வறுக்கும் மிளகாய்,
வேலைக்குப் போகுமுன் இடிக்கும் நேரம்,
சந்தையில் நின்றே கழியும் ஞாயிறு.
அரசாங்கம் சொன்ன குறைந்தபட்சக் கூலியில்தான் பெருக்கினேன்.
தும்மலுக்குப் பத்தி இல்லை.
கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
வாரியம் தருவதைவிட
இவர்கள் தருவது அதிகம்.

"குறைச்சுப் போடுங்கக்கா,
நம்ப மாட்டாங்க."

ஜூனி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இந்த மழையில உங்க மிளகாய் எங்கே காயுது?"
நளாயினி வாய் திறக்கவில்லை.
அடுப்புக்கு மேலே, அலமாரிக்கு மேலே,
பிள்ளைகளின் கட்டிலுக்கு அடியில்.
பூஞ்சை பிடித்துக் கொட்டிய கதையை
நான்கு பேரில் ஒருத்தி சொன்னாள்.

ஒரு பாரத்தைக் கிழித்தோம்.
மற்றதில், எந்தச் சமூகம், ஒன்றை மட்டும் குறிக்கவும்.
'பிற' என்பதில் குறி போட்டேன்.

பதினோரு மாதம் கழித்துப் பெட்டி வந்தது.
அதற்கும் முன்னால் பலகை வந்தது,
வாரியத்தின் பெயர் ஆள் உயரத்துக்கு.
லயத்தில் வைக்க மேனேஜர் விடவில்லை.
கம்போங்கில் கரண்டு இருக்கும்போது இருக்கும்.
இப்போது அது என் கடை முன்னால் நிற்கிறது,
வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில்.
கரண்டு பில் என் பேரில்.
ஏழாம் பத்தியில் நான் இல்லை.

திங்கள் இஞ்சி, வியாழன் மிளகாய்.
வியாழக்கிழமை அடையாளக் கார்டு நகலெடுக்க வருகிறவர்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.
போன வாரம் வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி.
படம் எடுக்க எடுக்கத் தும்மினார்,
எல்லாப் படத்திலும் பெட்டி ஆடிப் போயிருந்தது.
நளாயினி தண்ணீர் கொண்டுவந்தாள்.
ஜூனி பலகையைச் சற்றே சாய்த்து
அதன் மேல் ஈரக் கூடைகளைக்
கவிழ்த்து வைத்தாள்.